வால்பாறைச் சாலைக்கு ஒரு ஜோடி ஃபாக் லைட்

வண்டியின் ஹெட்லைட் சுற்றோடு கூடுதல் விளக்கு ஒன்றைச் சேர்ப்பது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலைகளில் சிறியது. ஆனாலும் பேட்டரி முதல் பாடி எர்த் வரை மின்சாரம் போகும் வழி முழுவதும் தெரிந்தவரால்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். புதிய விளக்கு வேண்டியபோது மட்டும் எரிய வேண்டும். பழைய ஹெட்லைட்டின் வெளிச்சத்தை அது குறைக்கக் கூடாது. ஒயரும் சுவிட்சும் சூடேறக் கூடாது. எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது. இந்த நான்கையும் ஒருசேர நிறைவேற்றும் முறை ஒன்று உண்டு. 1990-களில் பொள்ளாச்சியின் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறைகளில் வேலை பழகிய பையன்கள் அந்த முறையைக் கையால் செய்து கற்றார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது வால்பாறைச் சாலை.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். எண் எழுதிய 40 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும். அட்டகட்டியைக் கடந்து கவர்க்கல் பக்கம் போகும்போது, தென்மேற்குப் பருவமழை நாட்களில் பகலிலேயே மேகம் சாலையில் இறங்கி நிற்கும். அந்நாளில் எஸ்டேட் ஜீப்புகளும் அம்பாசிடர் வாடகைக் கார்களும் தேயிலை ஏற்றும் லாரிகளும் இரவு பகலாக அந்த வழியே போய்வந்தன. ஜூன் மாதம் நெருங்கும்போது அவற்றின் டிரைவர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வந்து நிற்பார்கள். கேட்பது ஒன்றுதான்: ஒரு ஜோடி ஃபாக் லைட்.

மூடுபனியில் ஹெட்லைட் தோற்பதற்கு அதன் வெளிச்சம் குறைவு என்பது காரணமல்ல. மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய நீர்த்துளிகள். அவற்றின் மேல் விழும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. ஒரு பகுதி டிரைவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஹை பீம் போட்டால் கண்ணுக்கு நேரே வெள்ளைத் திரை எழுவது இதனால்தான். ஃபாக் லைட் இதற்கு எதிர்வழியில் வேலை செய்கிறது. அது பம்பருக்கு அருகே தாழ்வாக இருக்கும். ஒளி அகலமாக, தட்டையாக விரியும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். கண்ணுக்கும் ஒளிக்கற்றைக்கும் இடையே உயர வேறுபாடு கூடுவதால் திரும்பி வரும் ஒளி குறைகிறது. சாலையின் ஓரக்கல்லும் வெள்ளைக்கோடும் தெரிகின்றன. தூரம் காட்டுவது அதன் வேலையல்ல. அடுத்த பத்துப் பதினைந்து மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் வளைவுச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டிக்கு அது போதும்.

மஞ்சள் கண்ணாடி போட்ட விளக்குகளுக்கு அந்நாளில் தனி மதிப்பு இருந்தது. பிரான்ஸ் நாட்டில் 1936 முதல் 1993 வரை கார்களின் ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்று டிரைவர்கள் நம்பினார்கள். உண்மையில் பனியின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. ஆனால் நீலம் வடிகட்டப்பட்ட ஒளி கண்ணுக்குக் கூச்சம் குறைவாகத் தருகிறது. நெடுநேரம் பனியில் ஓட்டுபவருக்கு அந்த ஆறுதல் உண்மையானது.

விளக்கைச் சேர்ப்பதற்கு முன் ஹெட்லைட் சுற்றைப் படிக்க வேண்டும். பழைய ஜீப்பிலும் காரிலும் பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் டேஷ்போர்டில் உள்ள லைட் சுவிட்சுக்கு வரும். அங்கிருந்து டிம்மர் சுவிட்சுக்குப் போகும். பழைய ஜீப்பில் அது காலால் மிதிக்கும் சுவிட்ச். டிம்மர் அதை ஹை பீம், லோ பீம் என்ற இரண்டு ஒயர்களில் ஒன்றுக்குத் திருப்பும். பல்பில் எரிந்து முடிந்த பின் மின்சாரம் வண்டியின் உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பும். ஹெட்லைட்டில் போடும் எச்4 பல்பின் ஹை பீம் 60 வாட், லோ பீம் 55 வாட். லோ பீமில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 110 வாட். 12 வோல்ட் வண்டியில் அது சுமார் 9 ஆம்பியர். வண்டியைச் செய்தவர்கள் அந்த 9 ஆம்பியரையும் அதற்குச் சற்றுக் கூடுதலையும் மனதில் வைத்தே ஒயரின் தடிமனையும் சுவிட்சின் தாங்குதிறனையும் தீர்மானித்திருப்பார்கள்.

அவசர வேலை செய்பவர்கள் ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரின் மேலுறையைச் சுரண்டி, ஃபாக் லைட் ஒயரை அதில் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி அனுப்பிவிடுவார்கள். விளக்கு எரியும், வேலை முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் 55 வாட் ஃபாக் லைட் இரண்டு சேர்ந்ததும் அதே சுவிட்ச் வழியாகப் போகும் மின்சாரம் 18 ஆம்பியர் ஆகிவிடுகிறது. மின்சாரம் இரண்டு மடங்கானால் ஒயரிலும் சுவிட்சின் முனைகளிலும் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். வோல்டேஜ் இழப்பும் இரட்டிப்பாகும். பல்புக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். நான்கு விளக்கு எரிந்தும் நான்கும் மங்கலாக எரியும் வண்டிகள் பட்டறைக்கு வந்ததற்கு இதுவே காரணம். 100/90 வாட் பல்பு வாங்கிப் போட்ட வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் ஹோல்டரே உருகி, கறுத்துப்போயிருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் எஸ்டேட் ஜீப் ஒன்று அப்படித்தான் வந்தது. இறக்கத்தில் ஒரு வளைவின் நடுவே எல்லா விளக்கும் ஒரே நொடியில் அணைந்துவிட்டன. டிரைவர் பிரேக்கை மிதித்து, கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் போட்டுவிட்டு, பின்னால் ஒரு லாரி வரும்வரை காத்திருந்தார். அதன் வெளிச்சத்தில் மெல்ல இறங்கி வந்தார். மறுநாள் பட்டறையில் டிம்மர் சுவிட்சைக் கழற்றியபோது அதன் பேக்கலைட் தட்டு வெடித்திருந்தது. செம்பு முனை நீலம் பாரித்திருந்தது. மேஸ்திரி அதைப் பெஞ்சின் மேல் வைத்து, வேலை பழகும் பையனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கூடுதல் விளக்கு கூடுதல் ஆபத்தாக மாறும் வழியை வேறெதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது.

சரியான முறையின் மையம் ரிலே. சிறிய சுருள் ஒன்றில் கொஞ்சம் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி, தடித்த முனைகள் இரண்டைச் சேர்த்துவிடும். 12 வோல்ட் ரிலேயின் சுருள் இழுப்பது 0.15 முதல் 0.2 ஆம்பியர் வரைதான். அதன் முனைகள் தாங்குவதோ 30 ஆம்பியர். ஹெட்லைட் ஒயரிலிருந்து அந்தச் சிறு மின்சாரத்தை மட்டும் எடுத்துச் சுருளுக்குக் கொடுத்துவிட்டு, விளக்குக்கு வேண்டிய 9 ஆம்பியரைப் பேட்டரியிலிருந்து நேராக வேறு ஒயரில் கொண்டுபோவதே முறை. பழகும் பையன்கள் இதைக் கேட்பார்கள்:

“ஏனுங்க மேஸ்திரி, ரிலே இல்லாமயே எரியுதுங்களே?”

“எரியும் கண்ணு. மண்டியில முதலாளி கையைக் காட்டுனாப் போதும், மூட்டையைத் தூக்கறது வேற ஆளு. முதலாளியே தூக்குனா இடுப்பு முறிஞ்சுபோகும். ஹெட்லைட் ஒயரு கையை மட்டும் காட்டட்டும்.”

ரிலேயின் அடியில் நான்கு கால்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் பொறித்திருக்கும். ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்த அந்த எண்கள் பெரும்பாலான நாடுகளில் ஒன்றுதான். 30 என்ற காலுக்குப் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர் வர வேண்டும். 87-லிருந்து விளக்குகளுக்கு ஒயர் போக வேண்டும். சுருளின் இரு முனைகளில் 86-க்கு ஹெட்லைட் ஒயரிலிருந்து எடுத்த சிறு மின்சாரம், அதாவது தகவல்; 85-க்கு எர்த். ஐந்து கால் ரிலேயாக இருந்தால் நடுவில் 87ஏ இருக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-உடன் சேர்ந்திருக்கும் கால் அது. விளக்கை அதில் மாட்டினால் ஹெட்லைட் அணைந்திருக்கும்போது எரியும், போட்டதும் அணைந்துபோகும். அதனால் அந்தக் காலை எதிலும் மாட்டாமல், டேப் சுற்றி விட்டுவிட வேண்டும்.

86-க்கான தகவலை எந்த ஒயரிலிருந்து எடுப்பது என்பதில்தான் வேலையின் அறிவு இருக்கிறது. ஃபாக் லைட்டுக்கு லோ பீம் ஒயரிலிருந்து எடுக்க வேண்டும். பனியில் லோ பீமோடு அது எரியும். ஹை பீமுக்கு மாற்றினால் தானே அணைந்துவிடும். தூரம் காட்டும் டிரைவிங் லைட்டாக இருந்தால் ஹை பீம் ஒயரிலிருந்து எடுக்க வேண்டும். எதிரே வண்டி வருவதைப் பார்த்து டிரைவர் டிம் செய்த அதே கணத்தில் அந்தப் பலத்த விளக்கும் அணைய வேண்டும்; அதற்கென்று தனியாக ஒரு சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் கிடையாது. மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே எடுக்கும்போது ஹெட்லைட் சுற்றோடு தொடர்பு எதற்கு என்ற கேள்விக்கு விடை இதுதான். ஹெட்லைட்டிடமிருந்து கூடுதல் விளக்கு பெற வேண்டியது கட்டுப்பாடு.

தகவல் ஒயருக்கு நடுவே டேஷ்போர்டில் ஒரு சிறு சுவிட்ச் வைப்பது நல்லது. பனி இல்லாத இரவில் விளக்கு தேவையில்லை. சுருளின் 0.2 ஆம்பியர் மட்டுமே அதன் வழியாகப் போவதால் எந்தச் சாதாரண சுவிட்சும் போதும்.

லோ பீம் ஒயர் எது என்று கண்டுபிடிக்க நிறம் உதவும். பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசிடரில் பிரிட்டிஷ் நிற முறையே இருந்தது: ஹை பீமுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, லோ பீமுக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, எர்த்துக்குக் கறுப்பு. ஆனால் பல கை மாறிய வண்டியில் நிறத்தை நம்ப முடியாது. ஒரு சிறு பல்பு, இரண்டு ஒயர், ஒரு முனையில் கிளிப், மறு முனையில் ஊசி: பட்டறையிலேயே செய்த டெஸ்ட் லேம்ப் உண்மையைச் சொல்லும். கிளிப்பை எர்த்தில் மாட்டி, ஊசியை ஒயரில் வைத்து, டிம்மரை மாற்றி மாற்றிப் பார்த்தால் எது எந்த ஒயர் என்று தெரிந்துவிடும். சில ஜப்பானிய வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். பல்பின் பொது முனையில் எப்போதும் பிளஸ் நிற்கும். அவற்றில் ரிலேயின் சுருளை எர்த்துக்கும் லோ பீம் ஒயருக்கும் இடையே மாட்டினால் வேலை நடக்காது. பிளஸுக்கும் அந்த ஒயருக்கும் இடையே மாட்ட வேண்டும். டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்க்காமல் ஒயரை வெட்டக் கூடாது என்ற பட்டறை வழக்கம் இதற்காகத்தான்.

ஒயரின் தடிமன் அடுத்தது. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.017 ஓம் தடை தரும். விளக்குக்கான மின்சாரத்தை டேஷ்போர்டு வரை கொண்டுபோய்த் திருப்பினால் ஆறு மீட்டர் ஒயர் ஆகும். 9 ஆம்பியரில் அங்கே மட்டும் ஏறக்குறைய 0.9 வோல்ட் போய்விடும். ரிலேயைப் பேட்டரிக்கு அருகில் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இரண்டு மீட்டர் இழுத்தால் இழப்பு 0.12 வோல்ட்தான். அதே பல்பு, அதே பேட்டரி. வித்தியாசம் கண்ணால் பார்த்தாலே தெரியும்.

ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. உராய்ந்து பாடியில் பட்ட ஒயரில் பேட்டரியின் மின்சாரம் முழுதும் பாயும். ஃபியூஸ் விளக்கின் அருகே இருந்தால் அதுவரையுள்ள ஒயர் காவலின்றி எரியும். 9 ஆம்பியர் இழுக்கும் ஜோடிக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்தம். தகடு ஃபியூஸில் அது நீல நிறம். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இருந்த காலத்தில், போன ஃபியூஸைச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளால் சுற்றி மாட்டும் வழக்கம் டிரைவர்களிடம் இருந்தது. நல்ல மேஸ்திரிகள் அதைக் கண்டால் பேசாமல் எடுத்து எறிந்துவிட்டு, முதலில் ஃபியூஸ் ஏன் போனது என்று தேடுவார்கள்.

எர்த் என்பது பாதி சுற்று. விளக்கின் கறுப்பு ஒயரை ஏதோ ஒரு போல்ட்டில் முடுக்கிவிடுவது போதாது. பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு லக்கை முடுக்கி, மேலே கிரீஸோ வாசலினோ தடவ வேண்டும். மழையும் சேறும் தெறிக்கும் இடத்தில் இது இரட்டிப்புத் தேவை. எர்த் கெட்ட வண்டியில் விநோதமான அறிகுறிகள் தோன்றும்: ஹெட்லைட் போட்டால் பார்க்கிங் லைட் மங்கலாக மினுங்கும், இண்டிகேட்டர் போட்டால் வேறொரு பல்பு கண் சிமிட்டும். திரும்பும் வழி கிடைக்காத மின்சாரம் மற்ற பல்புகளின் இழை வழியாக வழி தேடுகிறது என்பதே அதன் பொருள்.

இணைப்புகளில் லக் அடிப்பது நல்ல முறை. ஈயப்பற்று வைத்த இடம் விறைத்துப்போகும். எஞ்சின் அதிர்வில் ஒயர் அந்த விளிம்பில் ஒடியும். தகரத்தைத் துளைத்து ஒயர் போகும் இடத்தில் ரப்பர் புஷ் வேண்டும். ஒயர் முழுவதும் ஸ்லீவுக்குள் போக வேண்டும். சைலன்சர், ஃபேன், ஸ்டீயரிங் கம்பி ஆகியவற்றிலிருந்து விலகி, பழைய ஒயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ரிலேயை அதன் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் உள்ளே தண்ணீர் தங்காது.

கூடுதல் சுமையை வண்டி தாங்குமா என்ற கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். டைனமோ வைத்த பழைய பெட்ரோல் கார்களில் அது கொடுப்பதே 20 ஆம்பியரை ஒட்டித்தான். ஹெட்லைட்டுக்கு 9, இக்னிஷனுக்கு 4, வைப்பருக்கு 3 என்று எடுத்தால் மிச்சம் 4. அதில் 9 ஆம்பியர் ஃபாக் லைட்டைச் சேர்த்தால் பேட்டரி கரையத் தொடங்கும். அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும். ஏற்றத்தில் வண்டி ஊரும்போது டைனமோ இன்னும் குறைவாகவே தரும். அந்த வண்டிகளுக்கு 35 வாட் பல்பைச் சிபாரிசு செய்தவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆல்டர்னேட்டர் வந்த பிறகு குறைந்த வேகத்திலும் போதிய மின்சாரம் கிடைத்து இந்த நெருக்கடி தீர்ந்தது.

மாட்டி முடித்ததும் அளந்து பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14 வோல்ட் காட்டும். விளக்கின் ஹோல்டரில் அதற்கு அரை வோல்ட் குறைவுக்குள் இருந்தால் வேலை நன்று. அதற்கு மேல் குறைந்தால் எங்கோ ஒரு லக் தளர்வு அல்லது எர்த் மோசம். கால் மணி நேரம் எரியவிட்டு ஒயரையும் ரிலேயையும் ஃபியூஸ் ஹோல்டரையும் கையால் தொட்டுப் பார்ப்பது பட்டறைகளின் கடைசிச் சோதனை. விரல் பொறுக்காத சூடு எங்கே இருக்கிறதோ அங்கே குறை இருக்கிறது.

பிறகு திசை வைப்பது. சமதரையில், சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்குக்கட்டியால் குறிக்க வேண்டும். ஒளியின் மேல் விளிம்பு அந்தக் குறிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். வண்டியில் வழக்கமான சுமை இருக்கும்போது இதைச் செய்வது முக்கியம். பின்னால் தேயிலை மூட்டை ஏறினால் முன்பக்கம் தூக்கும். சரியாக வைத்த விளக்கும் வானம் பார்க்கும். மலைச்சாலையில் எதிரே ஏறி வருபவர் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக வருகிறார். அவர் கண்ணில் இரண்டு நொடி ஒளி அடித்தாலும் அவருக்குச் சாலை இல்லாமல் போகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்னனுமதி இல்லாமல் வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதைத் தடை செய்கின்றன. சட்டம் சொல்லாவிட்டாலும் எதிரே வருபவர் பத்திரமாகக் கடந்துபோவது விளக்கு மாட்டியவரின் பொறுப்பு.

இருசக்கர வண்டியில் இதே வேலைக்குச் சில மாற்றங்கள் உண்டு. பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல், மேக்னெட் சுருளிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தில் நேரே எரிந்தது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூடியதும் விட்டால் குறைந்ததும் அதனால்தான். அந்த ஒயரில் டிசி ரிலேயை மாட்டினால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். தகவலை இக்னிஷன் போட்டால் உயிர் பெறும் டிசி ஒயரிலிருந்து எடுக்க வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிகிறது. அவற்றில் ஹெட்லைட்டோடு இணைத்த கூடுதல் விளக்குக்குத் தனி சுவிட்ச் கட்டாயம் தேவை. இல்லாவிட்டால் பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும். பைக்கின் சார்ஜிங் திறன் குறைவு என்பதால் வாட்டேஜையும் சிறிதாகவே வைக்க வேண்டும்.

இன்றைய கார்களில் ஹெட்லைட்டை ஒரு கணினிப் பெட்டி இயக்குகிறது. பல்பு போய்விட்டதா என்று அதுவே கவனிக்கிறது. சில வண்டிகளில் மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்பி வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிறது. அத்தகைய ஒயரில் ரிலே நிலையாக நிற்காது. இவற்றில் ஒயரைச் சுரண்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஃபாக் லைட்டுக்கென்று தயாரிப்பாளர் விட்டுவைத்த கப்ளர் பெரும்பாலும் பம்பருக்குப் பின்னால் இருக்கும். அதைத் தேடிப் பயன்படுத்த வேண்டும். எல்ஈடி விளக்குகள் சுமையைக் குறைத்திருக்கின்றன. தலா 20 வாட் கொண்ட ஜோடி ஒன்று 3 ஆம்பியரைச் சற்றே தாண்டி இழுக்கிறது. அதற்காக ஃபியூஸையும் திசை வைப்பதையும் விட்டுவிட முடியாது. மேல் விளிம்பு வெட்டப்படாத வெள்ளை எல்ஈடி பட்டைகள் பனியில் பழைய ஹை பீமைவிட மோசமான திரையை எழுப்புகின்றன.

மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை பராமரிப்பு பார்த்தால் இந்த அமைப்பு பல ஆண்டு உழைக்கும். கண்ணாடியைக் கழுவி, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மறுபடி முடுக்க வேண்டும். ஃபியூஸ் ஹோல்டரில் பச்சை பூத்திருந்தால் மாற்ற வேண்டும். பிராக்கெட் தளர்ந்திருந்தால் முடுக்கி, சுவரில் குறி வைத்துத் திசையைச் சரிபார்க்க வேண்டும். போன பல்பை மாற்றும்போது ஹாலோஜன் கண்ணாடியில் விரல் படக் கூடாது; எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகம் சூடேறி பல்பின் ஆயுள் குறையும். போட்டிருந்த அதே வாட்டிலேயே புதிய பல்பும் போட வேண்டும். வாட்டைக் கூட்டினால் ஒயர், ஃபியூஸ், சார்ஜிங் கணக்குகள் மூன்றையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.